போர்ட் எலன்: மூடிய பிறகு விலை ஏறிய விஸ்கி

[காட்சி: கடலோரம். வெள்ளைச் சுவரில் பெரிய கறுப்பு எழுத்துகளில் ஊர்ப் பெயர்.]

1983-இல், இந்தச் சரக்கு இனி தேவையில்லை என்று இழுத்துப் பூட்டிய டிஸ்டில்லரி, அதாவது விஸ்கி வடிக்கும் ஆலை, இது. இன்று அதே சரக்கில் ஒரு பாட்டில் வாங்க லட்சக்கணக்கில் பணம் வேண்டும். (குடிக்கச் சொல்லவில்லை. மது நாட்டுக்கும் வீட்டுக்கும் கேடுதான். கதையை மட்டும் கேளுங்கள்.)

இடம், ஸ்காட்லாந்தின் மேற்கே ஐலா தீவு. ஆங்கில எழுத்தைப் பார்த்து 'இஸ்லே' என்று படித்துவிடாதீர்கள், ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள்.

[காட்சி: ஈரமான கருமண்ணை மண்வெட்டியால் பாளம் பாளமாக வெட்டுகிறார்கள்.]

இதுதான் பீட். பாசியும் புல்லும் சதுப்பில் ஆயிரக்கணக்கான வருடம் மக்கிய மண். காயவைத்தால் வறட்டி மாதிரி எரியும். நாம் பயறு முளைகட்டுவது போல பார்லியை முளைகட்டி, உலர்த்தும்போது கீழே பீட்டை மூட்டினால் புகை தானியத்தில் ஏறிவிடும். இளம் விஸ்கியில் அந்தப் புகை ஆஸ்பத்திரி வாடையாக முகத்தில் அறையும். வருடம் ஏற ஏறத்தான் அது அடங்கி, பின்னாலிருந்து எலுமிச்சையும் தேன்மெழுகும் எட்டிப் பார்க்கும்.

சரி, ஏன் மூடினார்கள்? எழுபதுகளில் அளவுக்கு மீறி வடித்தார்கள், எண்பதுகளில் வாங்க ஆளில்லை. போர்ட் எலனை நடத்திய கம்பெனிக்குத் தீவில் லகவூலின், கௌல் ஈலா என்று இன்னும் இரண்டு டிஸ்டில்லரிகள் இருந்தன. போர்ட் எலன் சரக்கோ பெரும்பாலும், பல டிஸ்டில்லரிச் சரக்கைக் கலந்து விற்கும் கலவை விஸ்கிக்குப் போனது. வெட்டு அதன்மேல் விழுந்தது.

இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம். கலவைக்குத்தானே என்று, பலமுறை பயன்படுத்திச் சாறு போன பீப்பாய்களிலேயே நிறைய ஊற்றி வைத்தார்கள். புதுப் பீப்பாயாக இருந்திருந்தால் 30 வருடத்தில் மரக் கஷாயம் ஆகியிருக்கும். அந்த அலட்சியம்தான் புகையைக் காப்பாற்றியது.

[காட்சி: பீப்பாய் மூடியில் சாக்பீஸில் எழுதிய எண்.]

கணக்கைப் பாருங்கள். 250 லிட்டர் பீப்பாயில் வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் காற்றோடு போகும். 35 வருடத்தில் பாதிதான் மிஞ்சும். வீரியமும் இறங்கும்: மிஞ்சிய இருப்பைப் பாட்டிலில் அடைத்து 2001-இல் விட்ட முதல் வெளியீடு, 1979-இல் வடித்தது, 56.2 சதவீதம் ஆல்கஹால். 2017-இல் வந்த 17-ஆவது வெளியீடும் 1979-இல் வடித்ததுதான், 51 சதவீதம். போர்ட் எலன் ஏற்கெனவே ஒருமுறை பல வருடம் பூட்டிக் கிடந்து, 1967-இல்தான் மறுபடி திறந்தார்கள் என்பதால், இருந்த இருப்பே 16 வருட உற்பத்தி மட்டும்.

ஒரு வேடிக்கை: பக்கத்திலேயே 1973-இல் கட்டிய முளைகட்டும் ஆலையை மூடவில்லை. சொந்த விஸ்கி இல்லாமல், தீவின் மற்ற டிஸ்டில்லரிகளுக்காக அதன் புகைபோக்கி புகைந்துகொண்டே இருந்தது.

[காட்சி: பளபளக்கும் செப்புக் கொப்பரைகள்.]

2024 மார்ச்சில் மறுபடி திறந்துவிட்டார்கள். பழைய கொப்பரைகளின் அதே வடிவில் புதியவை. வடித்ததை விஸ்கி என்று சொல்லவே 3 வருடம் பீப்பாயில் கிடக்க வேண்டும். 17-ஆவது வெளியீட்டின் 37 வயதை எட்ட 2061 ஆகும்.