டைமரை எங்கே வைப்பது? வெப் ஃபார்ம்ஸ் பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொள்ள

[திரையில்: டோக்கன் பக்கம். மேலே "இப்போது உள்ளே: 42". கீழே பெயர் எழுதும் பெட்டி, "பதிவு செய்" பட்டன்.]

வணக்கம். ஒரு கிளினிக்கின் வரவேற்பு மேசையில் நாள் முழுக்கத் திறந்திருக்கும் பக்கம் இது. டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டதும் இந்த 42, 43 ஆக வேண்டும். யாரும் ரிஃப்ரெஷ் அழுத்தக்கூடாது. மைக்ரோசாஃப்டின் வெப் பக்கத் தொழில்நுட்பமான ஏஎஸ்பி டாட் நெட் வெப் ஃபார்ம்ஸில் எழுதிய இந்த மாதிரிப் பக்கங்கள் இன்னும் பல அலுவலகங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2007ல் மைக்ரோசாஃப்ட் அஜாக்ஸ் வசதியோடு, அதாவது பக்கம் முழுவதையும் மறுபடி ஏற்றாமல் ஒரு பகுதியை மட்டும் மாற்றும் வசதியோடு, கொடுத்த டைமர் கண்ட்ரோல்தான் இதற்கான கருவி.

பக்கத்தின் ஃபார்முக்குள் முதலில் ஒரு ஸ்கிரிப்ட் மேனேஜர், அஜாக்ஸ் வேலையைக் கவனிப்பது இதுதான். அதன்கீழ் ஒரு அப்டேட் பேனல், அதாவது தனியாகப் புதுப்பிக்கப்படும் பகுதி; அதற்குள் லேபிள், லேபிளுக்குப் பக்கத்திலேயே டைமர். இன்டர்வெல் 10000. கணக்கு மில்லி செகண்டில், அதாவது 10 விநாடி. நீங்கள் எதுவும் கொடுக்காவிட்டால் அது 60000 என்று எடுத்துக்கொள்ளும். இன்டர்வெல் முடியும் ஒவ்வொரு முறையும் டைமர் ஒரு டிக் கொடுக்கும்; அந்த டிக் ஈவென்ட்டில் புது எண்ணை லேபிளில் எழுதுகிறோம். அவ்வளவுதான், ஓடும்.

[திரையில்: எண் மாறுகிறது. பெட்டியில் யாரோ "முருகேசன்" என்று தட்டச்சு செய்கிறார்.]

இப்போது எல்லாவற்றையும் ஒரே பேனலுக்குள் போட்டால் என்ன ஆகிறது, பாருங்கள். "முருகே" வரை அடித்தாயிற்று, டிக் வருகிறது, பெட்டியில் இருப்பது சர்வருக்குப் போகிறது. பதில் வருவதற்குள் "சன்" அடித்துவிட்டார். பதில் வந்ததும் பேனலின் உள்ளடக்கம் முழுவதும் புதிதாக மாற்றப்படுகிறது. பெட்டியில் மிஞ்சுவது "முருகே". கர்சரும் போய்விட்டது. 10 விநாடிக்கு ஒருமுறை இது நடந்தால் அங்கே உட்கார்ந்து வேலை பார்ப்பவரின் நிலைமை என்ன? ஆகவே மாறுகிற எண்ணுக்குத் தனியாக ஒரு சின்னப் பேனல், எழுதும் இடத்துக்கு வேறு பேனல். இரண்டிலும் அப்டேட் மோடை கண்டிஷனல் என்று மாற்றுங்கள்; அப்போது தனக்குரிய கோரிக்கைக்கு மட்டும் பேனல் மாறும். மாற்றாமல் விட்டால் அது ஆல்வேஸ். டிக் எங்கிருந்து வந்தாலும் எல்லாப் பேனலும் மாறும்.

சரி, டைமரைப் பேனலுக்கு வெளியே வைத்து, ட்ரிக்கர் மூலம், அதாவது "இந்த டைமர் அடித்தால் இந்தப் பேனல் மாறட்டும்" என்று குறித்து, இணைக்கலாமா? இணைக்கலாம். ஆனால் நேரக் கணக்கு மாறிவிடும். உள்ளே இருக்கும் டைமர், பதில் வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த 10 விநாடியை எண்ணத் தொடங்கும். வெளியே இருப்பது நிற்காமல் எண்ணிக்கொண்டே இருக்கும். பதில் வர 3 விநாடி ஆனால், அது வந்த 7 விநாடியிலேயே அடுத்த கோரிக்கை கிளம்பிவிடும். சர்வர் திணறிப் பதிலுக்கு 12 விநாடி ஆகிறதென்றால் நிலைமை மோசம்: ஒரு கோரிக்கை நடந்துகொண்டிருக்கும்போது இன்னொன்று கிளம்பினால் முந்தையது ரத்தாகும். அதனால் எண் மாறவே மாறாது. என் பரிந்துரை, உள்ளேயே வையுங்கள்.

இந்த ரத்து விஷயத்தில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. "பதிவு செய்" அழுத்திய நேரத்தில் டிக் வந்தால், பதிவின் பதிலைப் பிரவுசர் கைவிட்டுவிடும். சர்வரில் பெயர் ஏறியிருக்கலாம். திரையில் ஒரு செய்தியும் வராது. அவர் மறுபடி அழுத்துவார். ஒரே ஆளுக்கு இரண்டு டோக்கன்! இதைத் தடுக்க ஜாவாஸ்கிரிப்டில் கோரிக்கை கிளம்பும் முன் வரும் இனிஷியலைஸ் ரிக்வெஸ்ட் ஈவென்ட்டைப் பிடியுங்கள். வேறொரு போஸ்ட்பேக் (பக்கம் சர்வருக்கு அனுப்பும் கோரிக்கை) நடந்துகொண்டிருக்க, புதிதாக வருவது டைமருடையது என்றால், அந்த டைமர் கோரிக்கையைக் கேன்சல் செய்யுங்கள். எண் 10 விநாடி தாமதமாக மாறினால் யாருக்கும் நஷ்டமில்லை.

[திரையில்: பேஜ் லோட் கோடு.]

அப்புறம், பேனல் சின்னது என்பதால் சர்வருக்கு வேலை குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு டிக்குக்கும் வியூஸ்டேட் (பக்கத்தின் நிலையைச் சேமித்து வைத்திருக்கும் மறைவான தகவல்) முழுவதும் சர்வருக்குப் போகிறது, பக்கம் ஏறும்போது ஓடும் பேஜ் லோடு கோடும் ஓடுகிறது. இன்றைய பட்டியலை அங்கே டேட்டாபேஸிலிருந்து எடுக்கிறீர்களா? போஸ்ட்பேக்கா என்று சோதிக்காமல் விட்டால் அந்தக் குவெரி டிக்குக்கு டிக் ஓடும். ஒரு பக்கம் என்றால் மணிக்கு 360 தடவை. 50 கம்ப்யூட்டரில் திறந்திருந்தால் 18,000.

கடைசியாக செஷன், அதாவது ஒரு பயனருக்காக சர்வர் நினைவில் வைத்திருக்கும் தொடர்பு. வழக்கமாக 20 நிமிடம் யாரும் எதுவும் செய்யாவிட்டால் செஷன் முடிந்துவிடும். டைமரின் கோரிக்கையும் ஒரு செயலாகத்தான் கணக்கில் வரும். அதனால் ஊழியர் லாகவுட் செய்யாமல் சாப்பிடப் போனாலும் நோயாளிகளின் பெயர்ப் பட்டியல் திறந்தபடியே கிடக்கும். டிக்குகளை வியூஸ்டேட்டில் எண்ணி, 90 ஆனதும், அதாவது சுமார் 15 நிமிடத்தில், டைமரின் எனேபிள்டை ஃபால்ஸ் ஆக்கி அதை நிறுத்துங்கள். அதே பேனலில் "தொடர" என்று ஒரு பட்டன் வையுங்கள். பெயர் பதிவு செய்யும்போதும் அந்த எண்ணிக்கையைப் பூஜ்யமாக்குங்கள். ஆள் இருந்தால் அழுத்துவார், டைமர் மறுபடி ஓடும். இல்லையென்றால் அடுத்த 20 நிமிடத்தில் செஷன் முடிந்துவிடும்.