பாதியில நின்ன பாட்டு

எல்லாருக்கும் வணக்கம். சின்ன வயசுல கேட்ட இசை நம்ம படைப்புக்கு என்ன பண்ணுதுன்னு பேசணும்னு கூப்ட்டாங்க, நானும் சரின்னு தலையாட்டிட்டேன், அப்புறம் வீட்ல உக்காந்து யோசிச்சாதான் உறைக்குது, எனக்கு சங்கீதமே தெரியாதே! நாலு வரி ஸ்ருதியோட பாட வராது. கதை எழுதுறவன் நான். ஆனா எங்க வீட்ல ஒரு கேசட் இருந்துச்சு, அத வச்சே ஒப்பேத்திடறேன்.

ரேடியோ பக்கத்துல டேப் ரெக்கார்டர வச்சு எங்க அக்கா பதிஞ்ச கேசட் அது. அதுல ஒரு பாட்டு, சரணத்துல ரெண்டாவது வரி பாதி வரும்போது டக்குனு ஒரு சத்தம், அப்புறம் வெறும் ஸ்ஸ்ஸ்ஸ்னு ஓடும். கரண்ட் போயிருக்கும்னு நானா நெனச்சுக்கிட்டேன். அதே பாட்டுல இன்னொரு எடத்துல டேப் சிக்கி, பென்சில் விட்டு சுத்தி எடுத்ததுல, பாடுறவர் குரல் தண்ணிக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி ரெண்டு செகண்ட் குழையும். பாட்டே அப்படித்தான்னு நம்பிட்டேன், அந்தக் குழையறதையும் சேத்துதான் பாடுவேன், கடைசில டக்குன்னு நாக்க வேற சொடுக்குவேன்.

சின்னப் புள்ளைக்கு இது பாட்டு, இது எரைச்சல்னு பிரிக்கத் தெரியாது, மொத்தமா உள்ள போயிடும். அதுவும் பொறக்குறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுது. 1980ல வந்த ஒரு ஆராய்ச்சி, பொறந்து மூணு நாள் கூட ஆகாத குழந்தைங்க வாயில ரப்பர் காம்ப வச்சு, சப்புற விதத்துக்கு ஏத்த மாதிரி அம்மா குரலோ வேற ஒருத்தங்க குரலோ கேக்குற மாதிரி செட் பண்ணிருக்காங்க. அதுங்க சப்புற தாளத்த மாத்தி மாத்தி அம்மா குரலையே வர வச்சிருக்குங்க. மூணு நாள் குழந்தைங்க! நமக்கு ரிமோட் தேடவே பத்து நிமிஷம் ஆகுது.

குஸ்டாவ் மாஹ்லர்னு ஒரு இசையமைப்பாளர், அவர் கதைதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. 1910ல மனசப் பத்தி ஆராய்ச்சி பண்ண டாக்டர் ஃப்ராய்டப் பாக்கப் போறாரு, ரெண்டு பேரும் நெதர்லாந்துல லைடன்ங்கற ஊர்ல மணிக்கணக்கா நடந்துக்கிட்டே பேசுறாங்க. அப்ப ஒண்ணு சொல்றாரு. சின்ன வயசுல வீட்ல அப்பா அம்மாவுக்குள்ள பயங்கர சண்டை, தாங்க முடியாம தெருவுக்கு ஓடி வர்றான் பையன், அங்க ஒருத்தர் கைப்பிடிய சுத்தி வாசிக்கிற பெட்டியில ஒரு ஜாலியான மெட்டு போய்க்கிட்டிருக்கு. அன்னிலேர்ந்து பெரிய துக்கமும் அந்த மாதிரி லேசான மெட்டும் மனசுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு, ஒண்ணு வந்தா இன்னொண்ணும் வந்துடுதுன்னாராம். அத அவர் தன்னோட கொறையாதான் சொன்னாரு. ஆனா அவரோட முதல் சிம்பொனியில மூணாவது பகுதியக் கேட்டுப் பாருங்க, குழந்தைங்க பாட்டு ஒண்ண எடுத்து சாவு ஊர்வலமா மாத்தி வச்சிருப்பாரு, நடுவுல தெரு பேண்ட் மாதிரி ஒண்ணு கூச்சமே இல்லாம நுழையும், எனக்கு அங்கதான் தொண்டை அடைக்கும். அந்தக் கொறைய யாராவது சரி பண்ணிருந்தா நமக்குத்தான் நஷ்டம்.

சார்ல்ஸ் ஐவ்ஸ்னு ஒரு அமெரிக்கக்காரர், 1874ல பொறந்தவர், அவருக்கு இது தற்செயலா வரல, அப்பாவே ஏற்பாடு பண்ணிக் குடுத்தாரு. அப்பா பேண்ட் மாஸ்டர். ரெண்டு பேண்ட எதிரெதிரா நடக்கவிட்டு, நெருங்கும்போது ரெண்டு மெட்டும் மோதிக்கிறது எப்படிக் கேக்குதுன்னு பாப்பாராம். புள்ளைய ஒரு ஸ்ருதியில பாடச் சொல்லிட்டு இவர் வேற ஸ்ருதியில வாசிப்பாராம். பையன் பெரியவனாகி இன்சூரன்ஸ் வேலை பாத்துக்கிட்டே எழுதுன மியூசிக்ல அந்த மோதல் அப்படியே கேக்கும்.

நானும் ஆறு மாசம் பாட்டு கிளாஸ் போனேன். தாளம் தப்புனா முட்டியில ஸ்கேல் விழும், அதத் தவிர அங்கேர்ந்து எதுவும் ஞாபகமில்ல. பயிற்சியே வேணாம்னு சொல்லல, இளையராஜா மெட்ராஸ் வந்தப்புறம் தன்ராஜ் மாஸ்டர்கிட்ட முறையா கத்துக்கிட்டாரே, ஆனா அதுக்கு முன்னாடியே பல வருஷம் அண்ணன் பாவலர் வரதராஜன் குழுவோட ஊர் ஊரா சுத்தி காது நெறஞ்சு போய்த்தான் வந்திருந்தாரு. இலக்கணம் வரும்போது உள்ள ஏற்கனவே சரக்கு கெடந்துச்சு.

சரி, என் கேசட்டுக்கு வர்றேன். முப்பது வயசு தாண்டி ஒரு நாள் பஸ்ல போறப்ப அந்தப் பாட்டு வந்துச்சு. அந்த ரெண்டாவது வரி வருது, நான் டக்குக்காக காத்திருக்கேன், பாட்டு பாட்டுக்கு அந்த எடத்தத் தாண்டிப் போகுது! சரணம் முடிஞ்சு, இன்னொரு சரணம் வேற. எவனோ ஒட்டவச்ச மாதிரி எரிச்சலா இருந்துச்சு, சத்தியமா.

என் கதையெல்லாம் பாதியில நின்னுடுதுன்னு பத்திரிகைக்காரங்க சொல்லிக்கிட்டே இருப்பாங்க. போன மாசம் அக்காகிட்ட இதச் சொல்லி, எல்லாம் அன்னிக்கு கரண்ட் போனதால வந்த வினைன்னேன். அக்கா சிரிச்சுட்டு, கரண்டெல்லாம் போகலடா, நான் உள்ள போன நேரம் பாத்து நீதான் வந்து அந்த பட்டன அமுக்குன, அதுக்கு முதுகுல ரெண்டு வாங்குன, மறந்துட்டியா அப்டின்னுச்சு.

எனக்கு சுத்தமா ஞாபகமில்ல.