புல்லின் வேரில் குடியிருக்கும் பாக்டீரியா

நேயர்களுக்கு வணக்கம். தீவனப்புல் வயலைவிட்டு எதை எடுத்துச் செல்கிறது என்ற கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். உலர்ந்த எடையில் 10 விழுக்காடு புரதம் கொண்ட புல், ஹெக்டேருக்கு 10 டன் உலர்தீவனமாக அறுக்கப்படும்போது, அதனுடன் சுமார் 160 கிலோ தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், வெளியேறிவிடுகிறது. இதை ஈடுசெய்வதில் மண்ணில் வாழும் நன்மை செய்யும் பாக்டீரியாவால் எவ்வளவு உதவ முடியும் என்பதே இன்றைய பேச்சு.

பிரேசிலில் பணியாற்றிய மண் நுண்ணுயிரியலாளர் யோஹன்னா டோபரெய்னர் 1966இல் பஹியா புல்லின் வேரைச் சார்ந்து வாழும், காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கும் அசோட்டோபாக்டர் என்ற பாக்டீரியாவின் இனம் ஒன்றை விவரித்தார். 1970களில், இன்று அசோஸ்பைரில்லம் என்று நாம் அழைக்கும் பாக்டீரியாவைப் பங்கோலா புல்லின் வேரில் அவரும் உடன் பணியாற்றியோரும் ஆராய்ந்தபோது, பயறுவகைச் செடிகளைப் போலப் புல்லும் காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பெற்றுவிடும் என்ற பெரிய நம்பிக்கை பிறந்தது. பின்னர் நைட்ரஜன்-15 என்ற சற்றுக் கனமான நைட்ரஜன் வகையை (ஐசோடோப்பை) அடையாளமாகக் கொண்டு அளந்து பார்த்ததில், அசோஸ்பைரில்லம் வழியாக வரும் தழைச்சத்து எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்று தெரிந்தது. ஆனாலும் பாக்டீரியா இட்ட புல் பல இடங்களில் செழிப்பாகவே வளர்ந்தது. அந்தச் செழிப்புக்கான காரணம் பெரும்பாலும் வேரில் இருக்கிறது.

இந்த நுண்ணுயிரின் குணத்தை ஒரு கண்ணாடிக் குழாயிலேயே காணலாம். தழைச்சத்து சேர்க்காத, தளதளவென்ற கூழ் போன்ற ஊடகத்தில் கழுவிய வேர்த்துண்டு ஒன்றைப் போட்டு வைத்தால், சில நாட்களில் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, பாலாடை போல மெல்லிய வெண்படலம் ஒன்று தோன்றும். நிறங்காட்டிச் சாயம் சேர்த்ததால் பச்சையாக இருந்த ஊடகம் நீலமாக மாறும். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் நொதி ஆக்சிஜன் மிகுந்தால் செயலிழந்துவிடும். ஆக்சிஜனே இல்லாவிட்டாலோ உயிர் வாழ்வது கடினம். அதனால்தான் அது நடுவே ஓர் இடத்தைத் தேடிக்கொள்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

வேரோரத்திலும் அதே கதைதான். வேர் கசியவிடும் சர்க்கரையையும் கரிம அமிலங்களையும் உண்டு வாழும் பாக்டீரியா, இண்டோல் அசிட்டிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியைச் சுரக்கிறது. பக்கவேர்கள் கிளைக்கின்றன, வேர்த்தூவிகள் பெருகுகின்றன, ஏற்கனவே மண்ணில் இருக்கும் நீரையும் சத்தையும் புல் கூடுதலாக உறிஞ்சுகிறது. பாஸ்போபாக்டீரியா என்ற வேறொரு வகையோ கரிம அமிலங்களைச் சுரந்து, மண்ணில் கட்டுண்டு கிடக்கும் மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, கரைத்துக் கொடுக்கிறது. தீவனப்புல்லுக்கு இது மிகவும் பொருத்தமான உதவி. இலைப்பரப்பில் பாதிக்கு மேல் அறுக்கும்போது வேர் வளர்ச்சி சில நாட்கள் தடைபடுகிறது. வேர் வலுவாக உள்ள தூர் அந்த அதிர்ச்சியிலிருந்து சீக்கிரம் மீண்டு தழைக்கிறது.

ஆகவே இத்தகைய பாக்டீரியா அடங்கிய உயிர் உரத்தை யூரியாவுக்கு முழு மாற்று என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். தொடக்கத்தில் பார்த்த 160 கிலோவை அதனால் மட்டும் ஈடுகட்ட இயலாது. அதேபோல் யூரியாவை அளவுக்கு மீறி இட்டாலும், நைட்ரஜனைப் பிடிக்கும் வேலையைப் பாக்டீரியா நிறுத்திவிடும்.

இடும் முறை எளிது. வேர்விட்ட தூர்களை நடுவதற்கு முன் பாக்டீரியாக் கரைசலில் வேர் நனையும்படி அரைமணி நேரம் வைத்து, நிழலில் எடுத்து உடனே நடலாம். நிலைத்த புல்லுக்கு, அறுத்த கையோடு மக்கிய தொழு உரத்தில் கலந்து, ஈரமுள்ள மண்ணில் தூரோரம் இடலாம். இரசாயன உரத்துடனோ பூஞ்சணக்கொல்லியுடனோ கலக்கக் கூடாது. உறைக்குள் இருப்பது உயிர் என்பதால், காலாவதி நாளைப் பார்த்து வாங்கி, வெயில் படாமல் வைக்க வேண்டும். வறண்ட மண்ணில் இட்டால் அத்தனையும் வீண்.

பலன் எல்லா மண்ணிலும் ஒன்றுபோல் இருக்காது. மண்ணில் முன்பே வாழும் நுண்ணுயிர்கள் புதியவற்றை எளிதில் நிலைகொள்ள விடுவதில்லை. எனவே வயலில் சில பட்டைகளைப் பாக்டீரியா இடாமல் விட்டுவையுங்கள். முதன்முறை நான் அப்படி விடாமல் வயல் முழுவதும் இட்டுவிட்டு, புல் தழைத்தது பாக்டீரியாவாலா, அவ்வாண்டு பெய்த நல்ல மழையாலா என்று சொல்ல முடியாமல் விழித்தேன். பச்சை எடையில் நீரே பெரும்பகுதி என்பதால், இருவகைப் பட்டைகளிலும் ஒரே பரப்பை அறுத்து, உலர்த்தி எடை போடுங்கள். ஒன்றிரண்டு தூர்களைத் தோண்டி வேரையும் கழுவிப் பாருங்கள். மூன்று அறுப்புகளின் கணக்கையாவது பார்த்த பிறகே தொடர்ந்து இடுவதா, விடுவதா என்று முடிவு செய்யலாம்.

வணக்கம்.