கோடிட்ட இடங்களை நிரப்பப் போன ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். ஆசிரியர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள், பின்வரிசையில் மாணவர்களும் இருக்கிறீர்கள். இன்னும் சற்று நேரத்தில் இங்கே ஒரு ஸ்பானியப் படம் திரையிடப்படுகிறது. ‘கண்களை மூடிக்கொண்டால் வாழ்க்கை எளிது’ என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். 2013-ல் வந்தது. எழுதி இயக்கியவர் தாவித் ட்ரூவேபா. படத்தின் முடிவை நான் சொல்லப் போவதில்லை. இந்தக் கதை முளைத்த மண்ணைப் பற்றி மட்டும் கொஞ்சம் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

முதலில் நிஜ மனிதர். ஹுவான் கரியோன் என்று பெயர். ஸ்பெயினின் தென்கிழக்கில் கார்தஹேனா என்ற துறைமுக ஊரில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்து இசைக்குழுவான பீட்டில்ஸின் பாடல்களை வைத்தே வகுப்பு நடத்தினார். இன்றைக்கு அது பெரிய விஷயமாகத் தெரியாது. ஒரு பாட்டின் வரிகள் வேண்டுமென்றால் கைப்பேசியில் தட்டினால் வந்துவிடுகிறது. அன்றைக்கு, 1960-களில், இசைத்தட்டின் உறையில் பாடல் வரிகளை அச்சிடும் வழக்கமே கிடையாது. கரியோன் என்ன செய்தார்? இரவு நேரத்தில் ரேடியோ லக்சம்பர்க் என்ற வெளிநாட்டு வானொலியைக் கேட்டார். அந்த மத்திய அலை ஒலிபரப்பு தொலைதூரத்தில் ஏறியும் இறங்கியும்தான் கேட்கும். ஒரு வரி தெளிவாக வரும், அடுத்த வரி இரைச்சலில் கரைந்துபோகும். காதில் விழுந்ததை நோட்டில் எழுதுவார். விழாத இடத்தை வெறுமையாக விட்டுவிடுவார். வேறொரு நாள் அதே பாட்டு வந்தால் அந்த இடத்துக்காகவே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ‘கோடிட்ட இடங்களை நிரப்புக’ என்று நாம் பிள்ளைகளுக்குத் தேர்வு வைக்கிறோமே, அந்தத் தேர்வை இந்த மனிதர் தனக்குத்தானே வைத்துக்கொண்டார்.

1966 ஆகஸ்ட் கடைசியில் பீட்டில்ஸ் குழு சான் ஃபிரான்சிஸ்கோவில் தன் கடைசிக் கட்டணக் கச்சேரியை முடித்தது. சுற்றிச் சுற்றிப் பாடி நால்வரும் களைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவரான ஜான் லெனான் மட்டும் தனியாக, ரிச்சர்ட் லெஸ்டர் எடுத்த ஒரு போர்ப் படத்தில் நடிக்க ஸ்பெயினின் அல்மெரியாவுக்கு வந்தார். பிற்காலத்தில் அவருக்கே அடையாளமாகிப்போன வட்டக் கண்ணாடி அந்தப் பாத்திரத்துக்காகப் போட்டதுதான். தன் 26-வது பிறந்த நாளை அங்கேதான் கழித்தார். ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ பாடலை எழுதத் தொடங்கியதும் அங்கேதான். நாம் பார்க்கப் போகும் படத்தின் தலைப்பு அந்தப் பாட்டிலிருந்து எடுத்த வரி.

லெனான் பக்கத்துப் பிரதேசத்தில் இருக்கிறார் என்று தெரிந்ததும் கரியோன் தன் நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். கையெழுத்து வாங்குவது அவர் நோக்கமில்லை. ‘ஐயா, என் மாணவர்களுக்கு இந்தப் பாட்டைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த இடத்தில் என்ன சொல் வருகிறது? இந்த வரியைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறேனா?’ என்று கேட்பதற்காகப் போனார். லெனானும் அவரைச் சந்தித்து, நோட்டைப் பார்த்துத் திருத்திக்கொடுத்தார். மறு ஆண்டு, 1967-ல் வந்த பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ்’ இசைத்தட்டின் பின்னட்டையில் எல்லாப் பாடல்களின் வரிகளும் அச்சாகி வந்தன. ஸ்பெயினில் இந்த இரண்டையும் முடிச்சுப்போட்டுப் பேசுவார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். அந்த நோட்டுகளின் பெருமைக்கு அந்த முடிச்சு தேவையும் இல்லை.

இது ஏன் எனக்கு இவ்வளவு முக்கியமாகப் படுகிறது என்றால், அன்றைய ஸ்பெயின் காதுகளை அடைத்து வைத்திருந்த நாடு. ஃபிராங்கோவின் சர்வாதிகாரம் 1939-லிருந்து 1975 வரை நீடித்தது. 1941-லேயே, வெளிநாட்டுப் படம் எதுவானாலும் ஸ்பானிய மொழியில் குரல் மாற்றித்தான் திரையிட வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். சில ஆண்டுகளில் அந்தக் கட்டாயம் தளர்ந்தது, பழக்கம் மட்டும் போகவில்லை. ஹாலிவுட் நடிகரின் முகத்தைப் பார்க்கலாம், அவர் குரலைக் கேட்க முடியாது. பள்ளிகளிலும் அந்நிய மொழி என்றால் பெரும்பாலும் பிரெஞ்சுதான். இப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் வகுப்பறையில் லிவர்பூல் பையன்களின் பாட்டை வைத்து, ‘இதைக் கேளுங்கள், இதில் என்ன சொல்கிறான்?’ என்று கேட்கிறார். கொடி பிடிக்கவில்லை, கோஷம் போடவில்லை. இருந்தாலும் அது துணிச்சல்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

படத்தில் இந்த ஆசிரியருக்கு அந்தோனியோ என்று பெயர். ஊர் அல்பசேத்தே. ஹவியேர் காமரா நடித்திருக்கிறார். கல்யாணமாகாதவர், ஓயாமல் பேசுகிறவர். பேச்சுக்குள் தன் தனிமையை மறைத்துக்கொள்கிறவர். வகுப்பறைக் காட்சியைக் கவனித்துப் பாருங்கள். ‘ஹெல்ப்’ பாடலின் வரிகளைப் பையன்கள் நம் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதுபோல ஒன்றாகச் சொல்கிறார்கள். பிறகு அவர் அதன் பொருளுக்குள் போகிறார். புகழும் பணமும் குவிந்த ஓர் இளைஞன் எதற்காக ‘காப்பாற்றுங்கள்’ என்று கத்துகிறான் என்ற கேள்வியைப் பையன்கள் முன் வைக்கிறார். இலக்கணமும் உச்சரிப்பும் அந்தக் கேள்விக்குப் பின்னால் தாமாக வந்து நிற்கின்றன. தன்னைவிட வயதில் சிறியவன் ஒருவனின் துயரத்தை ஒரு பாட்டுக்குள் கேட்டுப் புரிந்துகொண்ட ஆசிரியர், பிறகு லெனானைத் தேடிப் போகும் வழியில் இரண்டு பிள்ளைகளைத் தன் காரில் ஏற்றிக்கொள்வதில் ஆச்சரியம் இல்லை. படத்தின் மொத்தப் பயணமும் அந்த வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது என்று நான் சொல்வேன்.

அந்த இருவரில் ஒருவன் ஹுவான்ஹோ, பதினாறு வயது. தலைமுடியை வெட்டு என்று அப்பா சொன்னார், மாட்டேன் என்று வீட்டை விட்டு ஓடிவந்தவன். அப்பா போலீஸ்காரர். முடிக்காகவா வீட்டை விட்டு ஓடுவது என்று தோன்றலாம். அந்த வீட்டையும் அந்த நாட்டையும் சேர்த்துப் பார்த்தால், அவன் கையில் சொந்தமாக இருந்தது அந்த முடி ஒன்றுதான்.

இன்னொருத்தி பெலேன். இளம்பெண், கர்ப்பிணி, மணமாகாதவள். மணமாகாத தாய்மார்களை அடைத்து வைக்கும் இல்லத்திலிருந்து தப்பி வருகிறாள். இது கதைக்காகச் சேர்த்த சோகமில்லை. ‘பெண்கள் பாதுகாப்பு வாரியம்’ என்ற பொருள்படும் பெயரில் ஓர் அரசு அமைப்பே இருந்தது. ஃபிராங்கோவின் மனைவி கார்மென் போலோ அதன் கௌரவத் தலைவர். நடத்தை சரியில்லை என்று யாராவது சொன்னால் போதும், இளம்பெண்களைப் பிடித்துக் கன்னியாஸ்திரிகள் நடத்தும் இல்லங்களில் வைத்துவிடுவார்கள். ஃபிராங்கோ செத்த பிறகும் அந்த அமைப்பு 1980-கள் வரை இழுத்துக்கொண்டிருந்தது. இங்கேதான் படத்தின் மேல் எனக்கு ஒரு குறை. ஆசிரியரின் உள்ளத்துக்கும் பையனின் உள்ளத்துக்கும் கதை கொடுக்கும் நேரத்தை இந்தப் பெண்ணுக்குக் கொடுக்கவில்லை. அவள் விட்டுவந்த இடத்தின் கொடுமை சில வார்த்தைகளில் கடந்துபோகிறது. அந்தக் குறையைப் பாதி தீர்த்து வைப்பது நத்தாலியா தே மொலினாவின் நடிப்பு. வசனம் இல்லாத நேரங்களில் அவர் முகத்தைப் பாருங்கள்.

அல்மெரியாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. வறண்ட நிலம், ஏழை மாவட்டம். அங்குள்ள தபேர்னாஸ் பாலைவனத்தில் கௌபாய் படங்களை எடுத்துத் தள்ளிய காலம் அது. லெனான் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1966 ஜனவரியில், அதே மாவட்டத்தில் பலோமாரெஸ் என்ற சிற்றூருக்கு மேலே அமெரிக்கப் போர்விமானம் ஒன்று விபத்துக்குள்ளாகி நான்கு ஹைட்ரஜன் குண்டுகள் விழுந்தன. மூன்று நிலத்தில், ஒன்று கடலில். அணுவெடிப்பு நிகழவில்லை, ஆனால் புளுட்டோனியம் வயல்களில் சிதறியது. கடலில் கதிர்வீச்சு இல்லை என்று காட்ட அமைச்சர் ஒருவரே கேமராக்களுக்கு முன்னால் இறங்கிக் குளித்தார். படம் பார்க்கும்போது அந்த வெயிலும் கடலும் அழகாகத் தெரியும். அதே ஆண்டில் அந்த மக்கள் எதையெல்லாம் சுமந்துகொண்டிருந்தார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பின்னணி இசை பாட் மெதினி. சில இடங்களில் சார்லி ஹேடனின் பேஸ் வாத்தியம் ஒலிக்கும். படம் வந்த அடுத்த ஆண்டே ஹேடன் காலமானார். ஸ்பெயினின் கோயா விருதுகளில் சிறந்த படம், இயக்கம், திரைக்கதை, நடிகர், புதுமுக நடிகை, இசை என ஆறு விருதுகள் இதற்குக் கிடைத்தன. கரியோன் அப்போது உயிரோடு இருந்தார், வயது தொண்ணூறை நெருங்கியிருந்தது.

ஒரே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். படத்துக்குக் கீழே எழுத்தில் வசனம் ஓடும், கதை புரிய அது போதும். அந்த வகுப்பறைக் காட்சி வரும்போது மட்டும் கீழே படிக்காதீர்கள். ஸ்பானியப் பையன்கள் வாயில் அந்த ஆங்கில வரிகள் எப்படி உருண்டு வருகின்றன என்று காதால் கேளுங்கள். படம் முடிந்ததும் ஆசிரியர்கள் கொஞ்ச நேரம் இருந்து போங்கள், உங்கள் வகுப்பில் எந்தப் பாட்டை வைப்பீர்கள் என்று பேசுவோம். நன்றி, வணக்கம்.