பிரயாரிட்டி 255 போட்டும் என் ரவுட்டர் ஏன் டிஆர் ஆகவில்லை?

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் வழித்தகவலைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறை) வீடியோ பார்த்த ஒரு நண்பர் கேட்கிறார்: "ஒரே சுவிட்ச்சில் ஐந்து ரவுட்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆறாவதாக ஒன்றைச் சேர்த்து அதற்குப் பிரயாரிட்டி 255 கொடுத்தேன். அரை மணி நேரம் ஆகியும் அது டிஆர் ஆகவில்லை. போதாக்குறைக்கு மூன்று ரவுட்டர்களோடு 2-வே நிலையிலேயே நிற்கிறது, ஃபுல் ஆகவே இல்லை. கான்ஃபிகரேஷனில் என்ன தப்பு?"

ஒரு தப்பும் இல்லை. டிஆர் என்பது ஒரே நெட்வொர்க்கில் இருக்கிற ரவுட்டர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் தலைமை ரவுட்டர், பிடிஆர் அதன் பேக்கப், பிரயாரிட்டி என்பது அந்தத் தேர்தலில் பார்க்கும் நம்பர், பெரியது ஜெயிக்கும். நீங்கள் வந்து சேர்வதற்குள் தேர்தல் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். பஸ் கிளம்பிய பிறகு ஏறுகிறவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்திருப்பவரை எழுப்ப முடியாது இல்லையா, அந்தக் கதைதான்.

உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஈதர்நெட்டில் ஒவ்வொரு ரவுட்டரும் 10 விநாடிக்கு ஒருமுறை 224.0.0.5 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்கு ஹலோ என்ற சின்னப் பாக்கெட்டை அனுப்புகிறது. அந்த ஹலோவுக்குள் பிரயாரிட்டி, ரவுட்டர் ஐடி இரண்டும் இருக்கும், கூடவே "என் கணக்கில் டிஆர் இவர், பிடிஆர் இவர்" என்று சொல்ல இரண்டு இடமும் இருக்கும். புதிதாக எழுந்த ரவுட்டர் அந்த இரண்டு இடத்திலும் 0.0.0.0 போட்டுவிட்டு, 40 விநாடி வரை தேர்தலில் இறங்காமல் கவனித்துக்கொண்டிருக்கும். அதற்குள் யாராவது "நான்தான் பிடிஆர்" என்று ஹலோவில் சொல்லிவிட்டால் காத்திருப்பு அங்கேயே முடிந்தது, இருக்கிற ஆட்களை அப்படியே ஏற்றுக்கொள்ளும். உங்கள் 255 செய்தது இதைத்தான். பிரயாரிட்டியை ஒப்பிட்டுப் பார்ப்பதெல்லாம் நாற்காலி காலியாக இருக்கும்போது மட்டும்தான்.

ஏன் இப்படி வைத்தார்கள் என்றால், டிஆர் மாறுவது சின்ன விஷயம் இல்லை. எல்லா ரவுட்டர்களும் புது டிஆரோடு தகவலை ஒத்துப்பார்க்க வேண்டும், அந்த நெட்வொர்க்குக்கான டைப் 2 எல்எஸ்ஏவை (அதில் யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற அறிவிப்பை) புதியவர் புதிதாக வெளியிட வேண்டும், அது போய்ச் சேர்ந்ததும் ஏரியா முழுக்க எஸ்பிஎஃப் கணக்கு, அதாவது குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் கணக்கு, மறுபடி ஓடும். யாரோ ஒருவர் பெரிய நம்பரோடு உள்ளே வரும்போதெல்லாம் இவ்வளவும் நடந்தால் தாங்காது.

அப்புறம் அந்த 2-வே, அதாவது இருவரும் ஒருவர் ஹலோவை ஒருவர் பார்த்துவிட்டாலும் தகவலை ஒத்துப்பார்க்காத நிலை (ஒத்துப்பார்த்து முடித்தால் ஃபுல்). அதுவும் சரியாகவே இருக்கிறது. ஆறு ரவுட்டரும் ஒன்றோடொன்று முழு அட்ஜசென்சி (ஃபுல் வரை போகும் உறவு) வைத்தால் 15 ஜோடி வரும். எல்லோரும் டிஆரோடும் பிடிஆரோடும் மட்டும் வைத்துக்கொண்டால் 9 போதும். ஆறுக்கு இது பெரிய மிச்சமாகத் தெரியாது, ஆனால் 20 ரவுட்டர் என்றால் 190-க்குப் பதிலாக 37. உங்களிடம் ஆறு இருக்கிறது, டிஆர், பிடிஆர் போக மற்றவை நான்கு, அந்த நான்கில் நீங்கள் ஒருவர், ஆகவே மீதி மூன்றோடு 2-வேயில்தான் நிற்பீர்கள். அந்த மூன்றும் ஃபுல் ஆகியிருந்தால்தான் நான் பயந்திருப்பேன்.

இடையில் ஒன்று, பலர் டிராஃபிக் எல்லாம் டிஆர் வழியாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டு இருப்பதிலேயே பெரிய பெட்டியை டிஆர் ஆக்கப் படாதபாடு படுகிறார்கள். போகாது. டிஆர் கைமாற்றுவது எல்எஸ்ஏக்களை மட்டுமே. உங்கள் டேட்டா பாக்கெட் பக்கத்து ரவுட்டருக்கு நேராகவே போகும்.

சரி, இருந்தாலும் 255-தான் டிஆர் ஆக வேண்டும் என்கிறீர்கள். இங்கே நான் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டேன். லேபில் டிஆரை ரீலோட் செய்துவிட்டு என் ரவுட்டர் மேலே வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை, பிடிஆர் ஆகி நின்றது. மறுபடி மறுபடி பிரயாரிட்டியைச் சரிபார்த்து அரை மணி நேரம் வீண். விஷயம் என்னவென்றால், டிஆர் விழுந்ததும் அந்த இடத்துக்குத் தேர்தலே கிடையாது, பிடிஆர் ஏறி உட்கார்ந்துவிடும். தேர்தல் நடப்பது காலியான பிடிஆர் இடத்துக்குத்தான், அதில்தான் உங்கள் 255 ஜெயிக்கும். ஆக டிஆர் ஆக வேண்டுமென்றால் இப்போது ஏறியவரையும் ஒருமுறை இறக்க வேண்டும். சிஸ்கோவில் அந்தந்த ரவுட்டரில் 'கிளியர் ஐபி ஓஎஸ்பிஎஃப் பிராசஸ்' கொடுத்தால் நடக்கும். ஓடுகிற நெட்வொர்க்கில் பகல் நேரத்தில் செய்துவிடாதீர்கள்.

இதைவிட நல்ல வழி, டிஆர் ஆகவே கூடாத ரவுட்டர்களுக்குப் பிரயாரிட்டி 0 போடுவது. 255 என்பது ஆசை, 0 என்பதுதான் தடை. ஹப்-ஸ்போக் மாதிரி (நடுவில் ஒரு ஹப், அதிலிருந்து கிளைகளாக ஸ்போக்குகள்) அமைத்த ஃபிரேம் ரிலே என்ற பழைய வகை இணைப்பில், ஸ்போக்குகள் ஒன்றையொன்று பார்க்கவே முடியாத இடத்தில், ஸ்போக் எதற்கும் 0 தவிர வேறு கொடுக்கக்கூடாது. ஒரு ஸ்போக் டிஆர் ஆகிவிட்டால் மற்ற ஸ்போக்குகள் அதை எட்டவே முடியாது.

பிரயாரிட்டி சமமாக இருந்தால் பெரிய ரவுட்டர் ஐடி ஜெயிக்கும். சிஸ்கோவில் எல்லாவற்றுக்கும் தொடக்கத்தில் 1, ஜூனிப்பரில் 128, ஆகவே இரண்டையும் கலந்து ஓட்டுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். ரவுட்டர் ஐடியில் 9.9.9.9-ஐவிட 10.1.1.1 பெரியது, 9-ஐப் பார்த்து ஏமாறாதீர்கள்.

ஐஎஸ்-ஐஎஸ் (இதே வேலையைச் செய்யும் இன்னொரு நெறிமுறை) படித்தவர்கள் "அங்கே புதியவர் வந்து பிடுங்கிக்கொள்கிறாரே" என்று கேட்பீர்கள். ஆமாம், அங்கே பிடுங்கலாம், பேக்கப் என்று ஒருவரும் கிடையாது. அங்கே லேனில் எல்லா ரவுட்டர்களும் எல்லோரோடும் அட்ஜசென்சி வைத்திருக்கின்றன, அதனால் தலைமை மாறினால் இந்த அளவுக்கு அடி விழுவதில்லை.

கேட்ட நண்பரே, 'ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர்' அடித்து இரண்டு பேரோடு ஃபுல், மூன்று பேரோடு 2-வே என்று வந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். டிஆர் வேண்டியே தீரும் என்றால் மற்ற ஐந்தில் நான்குக்கு 0 போட்டு, பேக்கப்புக்கு ஒன்றை மட்டும் 1-இலேயே விட்டு வையுங்கள். ஐந்துக்கும் 0 போட்டுவிட்டால் உங்கள் பெட்டி விழும் நாளில் அந்த இடத்துக்கு வர ஆளே இருக்காது.