பட்டறைக்கென்று அச்சான பூவேலைத் தாள்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்து அச்சுப்படங்கள் என்றதும் ஜெர்மன் ஓவியர் டியூரரின் புகழ்பெற்ற படங்களே பலருக்கும் நினைவில் எழும். நான் இன்று பேசவிருப்பதோ, பொற்கொல்லரும் ஆயுதம் செய்வோரும் மரச்செதுக்குவோரும் பார்த்து வேலை செய்வதற்கென்றே அச்சிட்டு விற்கப்பட்ட சிறிய அலங்காரத் தாள்களைப் பற்றி.

இக்கலை பொற்கொல்லர் பட்டறையோடு பிறப்பிலேயே உறவுடையது. உலோகத்தில் பூவேலை கீறும் சிற்றுளியாலேயே செப்புத் தகட்டில் கோடு இழுத்து, அந்தப் பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத் தாளை வைத்து அழுத்தினால் படம் பதிந்துவிடும். இப்படிச் செதுக்கியவர்களில் கோல்மார் நகரத்து மார்ட்டின் ஷோன்காவர் ஒரு பொற்கொல்லரின் மகன். போகோல்ட்டில் வாழ்ந்த இஸ்ரஹேல் வான் மெக்கெனெம் தாமே பொற்கொல்லர்.

இவ்வகையில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவர், ஜெர்மனியின் சோஸ்ட் நகரில் தொழில் செய்த ஹைன்ரிக் ஆல்டெக்ரேவர். ஆல்டெக்ரேவர் என்ற தம் பெயரிலுள்ள A, G எழுத்துகளை டியூரரின் முத்திரையைப் போலவே கோத்துக்கொண்ட இவர் (அந்த ஆசையை நாம் மன்னித்துவிடலாம்) ஏறத்தாழ 300 படங்களைச் செதுக்கினார். அவற்றில் மூன்றில் ஒரு பங்கு அலங்கார வடிவங்களே. அவருடைய குத்துவாள் உறை வடிவங்களைப் பாருங்கள்: மேலே அகன்று நுனியை நோக்கிக் குறுகும் உறையின் உருவத்துக்கு ஏற்ப, இலைச்சுருள்களும் படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே இறங்குகின்றன. தகட்டில் கீறியது தாளில் இடம் வலமாக மாறிவிழும் என்றாலும், நடுத்தண்டின் இருபுறமும் ஒத்திருக்கும் கொடிக்கு அதனால் குறையேதுமில்லை. ஒரு பாதியை எடுத்துக்கொண்டால் மறுபாதியைத் தொழிலாளியே வரைந்துகொள்ளலாம்.

1480-ஐ ஒட்டி, ரோமில் மண்மூடிக் கிடந்த நீரோவின் மாளிகைக்குள் இறங்கிய ஓவியர்கள், பாதி மனிதரும் பாதி கொடியுமான விசித்திர உருவங்களைச் சுவர்களில் கண்டனர். அந்தப் பாணி ஆல்ப்ஸ் மலைகளைக் கடந்து வடநாட்டுப் பட்டறைகளை எட்டியதில் அச்சுத்தாள்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

பட்டறைக்குப் போன தாள் நெடுநாள் தங்குவதில்லை. தையல், சரிகைப்பின்னல் மாதிரிப் புத்தகங்களில் இன்று எஞ்சியுள்ள சில பக்கங்களில் கோடுகளின் மேல் வரிசையாக ஊசித்துளைகள் காணப்படுகின்றன; அத்துளைகளின் வழியே கரித்தூளைத் தட்டித்தான் வடிவத்தைத் துணிக்கு மாற்றினார்கள்.