77 ஆண்டுகள் அறுவை மருத்துவர்களின் கண்ணில் படாத நரம்பு

(திரையில்: ஆணின் இடுப்புப் பகுதி, பக்கவாட்டுப் படம்)

வணக்கம். புற்றுநோய்க்காகப் புரோஸ்டேட் சுரப்பியை முழுதாக அகற்றும் அறுவை சிகிச்சை 1904இல் தொடங்கியது. செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய எல்லோருமே அதன்பின் ஆண்குறி விறைப்பை இழந்தார்கள். விறைப்புக்கான நரம்பு சுரப்பியின் ஊடே போகிறது, வெட்டாமல் முடியாது என்றே மருத்துவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை உடைந்த கதை அபாரமானது. அதற்கு முன் இடத்தைப் பார்த்துவிடுவோம்.

சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே, மலக்குடலுக்கு முன்னே இருக்கிறது புரோஸ்டேட். இளவயதில் சுமார் 20 கிராம். ஒரு பெரிய நெல்லிக்காய் என்று வையுங்கள். சிறுநீர்க்குழாய் அதைத் துளைத்துக்கொண்டுதான் கீழே இறங்குகிறது. விந்து நீரில் ஒரு பங்கு இங்கே சுரக்கிறது. உடற்கூறு இவ்வளவு போதும்.

(திரையில்: கடலூர் பேருந்து நிலையம்)

கடலூரில் புதுச்சேரி பஸ்ஸுக்கு நிற்கும் பெரியவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஏறுவதற்கு முன் ஒருமுறை கழிப்பறைக்குப் போய்வந்திருப்பார். கிருமாம்பாக்கம் வருவதற்குள் நெளிய ஆரம்பிப்பார். தவளக்குப்பத்தில் இறங்கிக்கொள்கிறேன் என்பார். டிக்கெட் புதுச்சேரிக்கு எடுத்திருப்பார். ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்க முடியாது. தயவுசெய்து அவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

வயதானால் வீங்குவது, சிறுநீர்க்குழாயை ஒட்டிய சின்னஞ்சிறு உட்பகுதி. இளவயதில் சுரப்பியில் அது 5 சதவீதம்தான். ஆனால் இருக்கும் இடம் அப்படி. கொஞ்சம் பருத்தாலே குழாய் நெருக்குண்டுவிடும். இது புற்றுநோய் அல்ல. புற்றுநோய் பெரும்பாலும் மலக்குடல் பக்கத்து வெளிப்பகுதியில் வருகிறது. குழாயை நெருக்காததால் ஆரம்பத்தில் ஒரு தொந்தரவும் தெரியாது. மருத்துவர் ஆசனவாய் வழியே விரல் விட்டுத் தடவிப் பார்ப்பது அந்தப் பகுதியைத்தான். ஒரு நிமிடம்கூட ஆகாத இந்தச் சோதனைக்குக் கூச்சப்பட்டு நம் வீட்டு ஆண்கள் நாள் கடத்துவதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

இப்போது கதை. 1981. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த பேட்ரிக் வால்ஷ், நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போயிருந்தார். அங்கே ஓய்வுபெற்ற சிறுநீரகவியல் பேராசிரியர் பீட்டர் டோங்கர், இறந்து பிறந்த ஓர் ஆண் சிசுவின் உடலை அறுத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். ஏன் சிசு? வளர்ந்தவர் உடலில் இந்த நரம்புகள் கொழுப்பிலும் நார்த்திசுவிலும் புதைந்து, இருப்பதே தெரியாத இழைகளாகிவிடுகின்றன. சிசுவிடம் அவை பளிச்சென்று தெரியும். இருவரும் உட்கார்ந்து ஒவ்வோர் இழையாகத் தொடர்ந்து போனார்கள். நரம்பு சுரப்பிக்குள் நுழையவே இல்லை! சுரப்பியின் உறைக்கு வெளியே, பின்புறம் இரண்டு ஓரங்களிலும், ரத்தக் குழாய்களோடு ஒட்டிக்கொண்டு இறங்கியது. ஒதுக்கி வைத்துவிட்டு அறுத்தால் தப்பித்துக்கொள்ளும்.

1982 ஏப்ரல் 26. 52 வயதுக்காரர் ஒருவருக்கு வால்ஷ் அந்த நரம்புகளை வேண்டுமென்றே காப்பாற்றி அறுவை செய்தார். ஓர் ஆண்டுக்குள் அவர் இயல்புக்குத் திரும்பினார். 1904இல் ஹியூ ஹாம்ப்டன் யங் முதன்முதலில் இந்தச் சுரப்பியை அகற்றியதும் இதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில்தான். படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது. தாயின் மடிக்கு வராமலே போன ஒரு குழந்தையால் எத்தனை ஆயிரம் பேரின் இல்லறம் மிஞ்சியிருக்கிறது!

உங்கள் அப்பாவுக்கோ மாமாவுக்கோ இந்த அறுவை சிகிச்சை வேண்டும் என்று கோரிமேடு ஜிப்மரிலோ வேறெங்கோ சொன்னால், கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: "ஐயா, நரம்பைக் காப்பாற்ற முடியுமா? இரண்டு பக்கமுமா, ஒரு பக்கம் மட்டுமா?" கட்டி நரம்புக்கு எவ்வளவு அருகில் வந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பதில் வரும். தொட்டுவிட்டது என்றால் அந்தப் பக்கத்து நரம்பையும் சேர்த்தே எடுப்பார்கள், எடுக்கத்தான் வேண்டும். கேட்கக் கூச்சமாக இருப்பவர்கள், இந்த வீடியோவை மருத்துவரிடமே காட்டிவிடுங்கள்.